தட்டுவடை செட் வண்டி: முதல் நாள் கணக்கிலிருந்து இரண்டாவது வண்டி வரை

சேலத்தில் தட்டுவடை செட், கரூரில் கரம் என்று ஆளுக்கொரு பேர் சொன்னாலும், தட்டுவடைக்கு நடுவே துருவிய காயும் சட்னியும் வைத்துத் தரும் இந்தத் தின்பண்டத்துக்கு ஈரோடு, திருப்பூர், கோவை வரை சாயங்காலக் கூட்டம் உண்டு. வண்டியில் அடுப்பே இல்லாமல் நடத்தலாம் என்பதால் குறைந்த முதலில் தொடங்குகிறவர்களுக்கு ஏற்றது. ஆனால் வாங்குகிறவர் காசு கொடுப்பது மொறுமொறுப்புக்கு. வாயில் வைத்ததும் நமுத்துப்போயிருந்தால் சட்னி எவ்வளவு ருசியாக இருந்தாலும் மறுநாள் வரமாட்டார். கீழே சொல்லும் அளவுகளில் பாதி, ஈரத்தைத் தட்டுவடையிடமிருந்து தள்ளி வைப்பதற்காகத்தான்.

1. இடம் பாருங்கள், மூன்று நாள் நின்று பாருங்கள்

வண்டி வாங்குவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். மனதில் வைத்திருக்கும் இடத்தில் ஒரு வார நாள், ஒரு சனி, ஒரு ஞாயிறு மாலை 4 முதல் 9 வரை நின்று, அரை மணிக்கு ஒருமுறை நடந்துபோகிறவர்களை எண்ணுங்கள். பைக்கில் பறப்பவர்களை எண்ண வேண்டாம், அவர்கள் நிற்பதில்லை.

திருப்பூர் பனியன் கம்பெனி வீதிகளில் ஷிப்ட் விடும் நேரமும் சனிக்கிழமை சம்பளமும் வியாபாரத்தைத் தீர்மானிக்கும். சனிக்கிழமைக்கு எடுக்கும் சரக்கைத் திங்கட்கிழமைக்கும் எடுத்தால் மிஞ்சும். கல்லூரி வாசல் நன்றாக ஓடும், ஆனால் தேர்வு விடுமுறையில் மொத்தமாக அடங்கிவிடும். எனவே கல்லூரியை மட்டும் நம்பாமல், பக்கத்தில் குடியிருப்போ பேருந்து நிறுத்தமோ உள்ள இடமாகப் பாருங்கள்.

2. காகித வேலை

உணவு விற்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு வேண்டும். சிறு வியாபாரிக்கு லைசென்ஸ் தேவையில்லை, பதிவு போதும். அந்த ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் புகைப்படமும் அடையாள அட்டையும் கொடுத்து விண்ணப்பிக்கலாம். மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் என்றால் 2014-ஆம் ஆண்டு சாலையோர வியாபாரிகள் சட்டத்தின்படி விற்பனைச் சான்றும் அடையாள அட்டையும் கேட்டு வாங்குங்கள். வண்டியை எடுக்கச் சொல்லி யாராவது வந்தால் கையில் இருக்க வேண்டியது அதுதான். சாலையோர வியாபாரிகளுக்கான மத்திய அரசுத் திட்டமான பி.எம். ஸ்வநிதி கடனுக்கும் அது உதவும். 2025-இல் மாற்றியமைத்தபின் அதில் முதல் தவணை 15,000 ரூபாய் வரை, ஒழுங்காகக் கட்டினால் அடுத்தது 25,000, அதன்பின் 50,000.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, கப், பைகளுக்குத் தடை இருக்கிறது. பாக்குமட்டைத் தட்டோ வாழையிலைத் துண்டோ வாங்குங்கள். அச்சடித்த செய்தித்தாளில் உணவு வைக்கக் கூடாது, மை ஒட்டும்.

3. வண்டியில் என்னென்ன இருக்க வேண்டும்

மூன்று பக்கமும் கண்ணாடி அடைத்த தள்ளுவண்டி. இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். ஆடிக்காற்றில் பல்லடம், உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் வீதிப் புழுதி முழுக்கத் துருவிய காயில்தான் வந்து உட்காரும். மற்றவை: இறுக்கமான மூடியுள்ள பெரிய டப்பா இரண்டு, சட்னிக்கு மூடி போட்ட ஸ்டீல் பாத்திரம் நான்கு, ஐஸ் பெட்டி ஒன்று, இடுக்கி, பொருளுக்கொரு கரண்டி, குடிதண்ணீர் கேன், கைகழுவத் தனித் தண்ணீர், குப்பைக்கூடை, சார்ஜ் லைட், கியூஆர் அட்டை. புளிப்புள்ள சட்னியை அலுமினியப் பாத்திரத்தில் வைக்காதீர்கள், உலோகம் சட்னியில் இறங்கும்.

4. ஐம்பது பிளேட்டுக்கு அளவு

ஒரு பிளேட்டுக்கு 5 செட், ஒரு செட்டுக்கு இரண்டங்குலத் தட்டுவடை 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் தட்டுவடை 500, உடைசலுக்கு 30 சேர்த்து 530. கேரட் 1.2 கிலோ, பீட்ரூட் 1.2 கிலோ (தோல் சீவியபின் தலா ஒரு கிலோ நிற்கும்), பெரிய வெங்காயம் 800 கிராம், எலுமிச்சம்பழம் 6, இரண்டு சட்னியும் தலா 600 மில்லி.

தட்டுவடையைத் தொடக்கத்தில் நீங்களே சுட வேண்டாம், தயாரிப்பாளரிடம் வாங்குங்கள். வாங்கும்போது டப்பாவைத் திறந்தவுடன் முகர்ந்து பாருங்கள். சிக்கு வாடை அடித்தால் பழைய எண்ணெய், வேறிடம் பாருங்கள். ஒன்றை ஒடித்தால் "டக்"கென்று ஒடிய வேண்டும், வளைந்து ஒடிந்தால் ஈரம் ஏறிவிட்டது. நடுவே உப்பிய தட்டுவடை செட்டுக்கு ஆகாது, காய் வழுக்கி விழும்.

பச்சைச் சட்னி: கொத்தமல்லித்தழை 200 கிராம், ஆய்ந்த புதினா 100 கிராம், பச்சை மிளகாய் 8 முதல் 10, இஞ்சி 15 கிராம், பொட்டுக்கடலை 60 கிராம், உப்பு 10 கிராம், ஒரு எலுமிச்சையின் சாறு. குளிர்ந்த தண்ணீர் 250 மில்லியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அரையுங்கள். மிக்ஸி சூடானால் சட்னி கறுக்கும். பொட்டுக்கடலை ருசிக்கு மட்டுமல்ல, தண்ணீரைப் பிடித்து வைப்பதும் அதுதான்.

காரச் சட்னி: தக்காளி 500 கிராம், பூண்டு 75 கிராம், வெந்நீரில் 20 நிமிடம் ஊறிய காய்ந்த மிளகாய் 25, சிறு உருண்டைப் புளி, உப்பு 10 கிராம். அரைத்து, 50 மில்லி கடலெண்ணெயில் எண்ணெய் பிரியும் வரை, ஏறக்குறைய 15 நிமிடம் வதக்குங்கள். பூண்டின் பச்சை வாடை நின்றால் இன்னும் வேகவில்லை. நன்றாக ஆறவிட்டபிறகே மூடுங்கள்.

சட்னி பதம் பார்க்க ஒரு வழி: தட்டுவடையில் அரைக் கரண்டி தடவி ஐந்து நிமிடம் விடுங்கள். அடிப்பக்கம் ஈரம் தெரிந்தால் சட்னி நீர்த்திருக்கிறது. பச்சைச் சட்னிக்கு இன்னும் ஒரு பிடி பொட்டுக்கடலை, காரச் சட்னிக்கு இன்னும் கொஞ்ச நேரம் அடுப்பு.

காய்: கேரட்டையும் பீட்ரூட்டையும் தனித்தனியே துருவுங்கள், கலந்தால் எல்லாம் சிவந்துவிடும். பீட்ரூட் துருவலைச் சுத்தமான துணியில் போட்டு லேசாகப் பிழியுங்கள். காயில் உப்புப் போடவே கூடாது. உப்புப் பட்ட காய் பத்து நிமிடத்தில் தண்ணீர் விடும். புதிதாகத் தொடங்குகிறவர்களின் செட் நமுத்துப்போக முதல் காரணம் இதுதான். வெங்காயத்தைத் துருவாமல் பொடியாக நறுக்குங்கள், அதையும் மணிக்கொருமுறை கொஞ்சமாக.

5. அடுக்கும் வரிசை

பாக்குமட்டைத் தட்டில் ஐந்து தட்டுவடையைப் பரப்புங்கள். பச்சைச் சட்னி, காய், வெங்காயம், இரண்டு சொட்டு எலுமிச்சை, காரச் சட்னி, மேலே இன்னொரு தட்டுவடை. பச்சைச் சட்னி முதலில் வருவதற்குக் காரணம், அது கெட்டியாக இருந்து காயை ஒட்டிப் பிடிப்பது. "ஏனுங்க, ரெண்டு செட்டுங்க" என்று கேட்டபிறகுதான் அடுக்கத் தொடங்க வேண்டும். கூட்டம் வருமென்று முன்கூட்டியே அடுக்கி வைக்காதீர்கள். பார்சல் என்றால் தட்டுவடை தனி, காய் தனி, சட்னி தனி.

தட்டுவடை டப்பாவைத் திறந்தே வைக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றே ஈரமாக இருக்கும். அந்த மாதங்களில் 100 எண்ணிக்கை கொண்ட சிறு பொட்டலங்களாகக் கட்டி, ஒன்று தீர்ந்தபின் அடுத்ததைப் பிரியுங்கள். சட்னியின் பெரும்பகுதி ஐஸ் பெட்டியில் இருக்கட்டும். வெளியே சிறு கிண்ணம் மட்டும். இரவு மிஞ்சிய சட்னியையும் காயையும் கொட்டிவிட வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒருவருக்கு வயிறு கெட்டாலும் அந்த வீதியில் மீண்டும் நிற்க முடியாது. காசு வாங்கிய கையால் காயைத் தொடாதீர்கள்.

6. கணக்கு

உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே மாதிரி எழுதிப் பாருங்கள். தட்டுவடை ஒன்று 70 காசு என்றால் பிளேட்டுக்கு 7 ரூபாய், காய் 2.40, வெங்காயம் 0.60, சட்னியும் எலுமிச்சையும் 2.50, தட்டு 1 ரூபாய். மொத்தம் 13.50. விலை 30 என்றால் மிஞ்சுவது 16.50. பெட்ரோல், ஐஸ், தண்ணீர் என்று நாளுக்கு 165 ரூபாய் ஆனால் முதல் 10 பிளேட் அதற்கே போய்விடும். ஐம்பதும் விற்றால் கையில் 660. நாற்பத்திரண்டு மட்டும் விற்றால், எட்டு பிளேட்டின் காயும் சட்னியும் கொட்டுவதில் 44 ரூபாய் போகும். தட்டுவடை மறுநாளுக்கு நிற்கும். கொட்டுவது நினைப்பதைவிடக் குறைந்த நட்டம்தான். இதில் உங்கள் கூலியோ வண்டிக்குப் போட்ட முதலோ சேரவில்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

ஒரு நோட்டில் தேதி, கிழமை, எடுத்தது, விற்றது, கொட்டியது, மழையா வெயிலா என்று தினமும் எழுதுங்கள். ஒரு மாதம் எழுதினால் எந்தக் கிழமைக்கு எத்தனை பிளேட் எடுக்க வேண்டும் என்று அந்த நோட்டே சொல்லும்.

7. வளர்ப்பது

முதல் மாதம் தட்டுவடை செட்டும், உடைசலில் செய்யும் நொறுக்கலும் போதும். நொறுக்கலுக்குத் தனிச் சரக்கு வேண்டியதில்லை, அதே காயும் சட்னியும்தான். அடுத்து முறுக்கு செட், மாங்காய்க் காலத்தில் மாங்காய் செட். முட்டை நொறுக்கல் நன்றாக விற்கும், ஆனால் அதற்குக் கத்தி, பலகை, கரண்டி எல்லாம் தனியாக இருக்க வேண்டும். முட்டை தொடாதவர்கள் வண்டிக்கு வருவார்கள், அவர்கள் பார்க்கும்படியே பிரித்து வையுங்கள். நாமக்கல் முட்டை விலை அடிக்கடி ஏறி இறங்கும் என்பதால் விலைப்பலகையில் முட்டை வகையை மாற்றி எழுதத்தக்கதாக வையுங்கள்.

வண்டியைவிட லாபம் தருவது கல்யாண மண்டப ஸ்டால். வரவேற்பு, வளைகாப்பு, சீர் விசேஷங்களுக்கு ஆட்கள் கணக்கில் பேசாமல் பிளேட் கணக்கில் பேசி, பாதி முன்பணம் வாங்குங்கள். மண்டபத்தில் சாப்பாடும் இருப்பதால் 3 செட் கொண்ட சிறு பிளேட் போதும். இரண்டு பேர் அடுக்க, ஒருவர் காய் நிரப்ப வேண்டும். ஒரே ஆள் போனால் வரிசை நின்றுவிடும்.

இரண்டாவது வண்டியை, முதல் வண்டி நீங்கள் இல்லாமல் ஒரு வாரம் ஓடியபிறகு போடுங்கள். சட்னி இரண்டுக்கும் ஒரே சமையலறையில், ஒரே அளவில் அரைபட வேண்டும். வண்டியில் நிற்பவரிடம் தட்டுவடையை எண்ணிக் கொடுத்து, இரவில் மிச்சத்தை எண்ணி வாங்குங்கள். உடைந்ததும் நொறுக்கலுக்குப் போனதும் தனியாக வரட்டும். 530 கொடுத்து, 90 முழுசாகத் திரும்பி, 20 உடைசலாக வந்தால், 42 பிளேட்டுக்கான 1,260 ரூபாய் கல்லாவிலும் கியூஆரிலும் சேர்ந்து இருக்க வேண்டும்.