இணையவழிப் பாடத்துக்கு மாணவர் கையில் கொடுக்கும் பாடத்திட்டத்தை எழுதுவது எப்படி

பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழு ஐந்து அலகுகளாகப் பிரித்துத் தரும் பக்கம், வினாத்தாள் எடுப்பவருக்கும் கல்லூரி அலுவலகத்துக்கும் போதுமானது. நேரடி வகுப்பில் அதையே மாணவர்களுக்கும் கொடுத்துவிட்டு, மீதியை வாய்மொழியாகச் சொல்லிச் சமாளித்துவிடலாம், "அசைன்மென்ட் என்றைக்கு சார்?" என்று தாழ்வாரத்தில் வழிமறித்துக் கேட்பவருக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். இணையவழிப் பாடத்தில் தாழ்வாரம் இல்லை. கடலூர் சிப்காட்டில் மாலை ஷிப்டு முடித்து இரவு பதினொரு மணிக்கு வீடு சேரும் மாணவர், சாப்பிட்டுக்கொண்டே செல்பேசியைத் திறந்து, இந்த வாரம் தான் என்ன செய்ய வேண்டும் என்று தேடும்போது அவருக்குப் பதில் சொல்ல இருப்பது நாம் ஏற்றிவைத்த அந்த ஏடு ஒன்றுதான். அவர் கேட்கப்போகும் கேள்விகளுக்கு முன்கூட்டியே எழுதிவைத்த பதில்களின் தொகுப்பாகவே பாடத்திட்டத்தை நான் கருதுகிறேன். புதுச்சேரியிலிருந்து இணையவழியில் வரலாறு கற்பித்த அனுபவத்தில் எனக்குப் பயன்பட்ட முறையை இங்கே விளக்குகிறேன்.

எழுத உட்காரும் முன் சென்ற பருவத்தின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து, மாணவர்கள் கேட்ட கேள்விகளை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதி, எத்தனை மதிப்பெண், எங்கே ஏற்றுவது, வகுப்பைத் தவறவிட்டால் என்ன செய்வது, யாரிடம் கேட்பது என்ற ஐந்துக்குள் பெரும்பாலானவை அடங்கிவிடுவதைக் காண்பீர்கள். பாடத்தின் நோக்கத்தைப் பற்றி ஒருவர்கூடக் கேட்டிருக்கமாட்டார். நாமோ நோக்கத்தை முதல் பக்கத்திலும் தேதிகளைக் கடைசிப் பக்கத்திலும் வைக்கிறோம். இந்த வரிசையை மாற்றுவதே முதல் வேலை. செல்பேசித் திரையை உருட்டாமலே தெரியும் பகுதியில் பாடத்தின் பெயர், குறியீட்டு எண், கிரெடிட், நேரலை வகுப்பின் நாளும் நேரமும், அதற்கான இணைப்பு, உங்களைத் தொடர்புகொள்ளும் வழி ஆகியவை இருக்க வேண்டும். தொடர்பு விவரத்தோடு, எத்தனை மணி நேரத்துக்குள் பதில் தருவீர்கள் என்பதையும் எழுதிவிட்டால், நள்ளிரவில் அனுப்பிய கேள்விக்கு விடியும்வரை பதில் வரவில்லை என்று எவரும் வருந்த மாட்டார்கள்.

கற்றல் விளைவுகளும் வாரக் கணக்கும்

கற்றல் விளைவுகள் என்ற பகுதியில் "அறிந்துகொள்வர்", "புரிந்துகொள்வர்" என்ற இரண்டு வினைச்சொற்களைத் தவிர்த்தாலே பாதித் தெளிவு வந்துவிடும். ஒருவர் அறிந்துகொண்டாரா என்பதை எவராலும் எட்டிப் பார்க்க முடியாது. அவர் எழுதுவதையும் ஒப்பிடுவதையும் வரைவதையும்தான் பார்த்து மதிப்பிட முடியும். கல்வியாளர் பெஞ்சமின் புளூம் குழுவினர் 1956-இல் வெளியிட்ட கற்றல் நோக்கங்களின் வகைப்பாட்டைப் பயிற்சி வகுப்புகளில் நமக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். ஆயினும் எழுதும்போது பழைய சொற்களே வந்து விழுகின்றன. என் பாடம் பண்டைத் தமிழகத்தின் கடல் வணிகம். "அரிக்கமேட்டின் சிறப்பை மாணவர் அறிந்துகொள்வர்" என்றுதான் நானும் முதலில் எழுதியிருந்தேன். இப்போது அந்த வரி, "அரிக்கமேட்டில் 1945-இல் மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் கிடைத்த ஆம்போரா சாடித் துண்டுகளைச் சான்றாகக் கொண்டு, அங்கு நடந்த ரோமானிய வணிகத்தைப் பற்றி ஒரு பக்க அளவில் மாணவர் வாதிட்டு எழுதுவார்" என்று இருக்கிறது. நீளம் கூடியிருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் தேர்வில் என்ன கேட்பார்கள், எதைப் படிக்க வேண்டும் என்ற இரண்டையும் அந்த ஒரு வரியே சொல்லிவிடுகிறது. இப்படி நான்கைந்து வரிகள் போதும். பன்னிரண்டு எழுதினால் ஆசிரியருக்கே நினைவில் நிற்காது.

அடுத்தது நேரம். பல்கலைக்கழக மானியக் குழுவின் கணக்குப்படி, விரிவுரை வகையில் ஒரு கிரெடிட் என்பது 15 மணி நேரம். நான்கு கிரெடிட் பாடத்தைப் பதினைந்து வாரப் பருவத்தில் நடத்தினால் வாரத்துக்கு நான்கு மணி நேரம் வருகிறது. இணையவழியில் பாடம் நடத்துபவர்கள் காணொளி, வாசிப்பு, வினாடிவினா, விவாதம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போய், தம்மை அறியாமல் அதை ஏழெட்டு மணி நேரமாக ஆக்கிவிடுகிறார்கள். அதனால் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஆகும் நேரத்தை எழுதிக் கூட்டிப் பாருங்கள். 2025 ஆகஸ்ட் 4 அன்று தொடங்கிய பருவத்தில் என் நான்காம் வாரக் குறிப்பு இவ்வாறு இருந்தது:

"வாரம் 4: ஆகஸ்ட் 25, திங்கட்கிழமை முதல் ஆகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை வரை. புதன்கிழமை விநாயகர் சதுர்த்தி. நேரலை வகுப்பு இல்லை. வியாழக்கிழமை மாலை 7 முதல் 8 வரை நேரலை வகுப்பு (1 மணி நேரம்). அரிக்கமேடு பற்றிய இரண்டு காணொளிகள் (40 நிமிடம், ஒலிக்கோப்பு தனியாக உண்டு). வாசிப்பு 12 பக்கம் (ஒன்றரை மணி நேரம்). வினாடிவினா (20 நிமிடம்). விவாதப் பகுதியில் ஒரு பத்தி எழுதுதல் (அரை மணி நேரம்). மொத்தம் 4 மணி நேரம்."

ஒலிக்கோப்பு தனியாக இருப்பதைக் குறிப்பிடக் காரணம் உண்டு. நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி என்ற அளவிலான ரீசார்ஜில், வீட்டில் மூவர் ஒரே செல்பேசியைப் பயன்படுத்தும் இடத்தில், ஒரு காணொளியைப் பார்ப்பதா வேண்டாமா என்பதே ஒரு முடிவாகிவிடுகிறது. கோப்பு எத்தனை எம்பி என்பதைப் பக்கத்திலேயே போட்டுவிடுவது நல்லது.

தேதிகளும் மழையும்

புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே இருபது சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனால் முள்ளோடையைத் தாண்டினால் விடுமுறைப் பட்டியல் மாறிவிடுகிறது. ஆகஸ்ட் 16-உம், புதுச்சேரியின் விடுதலை நாளான நவம்பர் 1-உம் அங்கே அரசு விடுமுறை. கடலூர் மாணவருக்கு அவை வேலை நாட்கள். காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகிய ஊர்களிலிருந்தும் மாணவர்கள் இணையும் பாடமென்றால், எந்த நாட்காட்டியைப் பின்பற்றுகிறீர்கள் என்பதை ஒரு வரியில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

இதைவிட முக்கியமானது வடகிழக்குப் பருவமழை. ஆகஸ்டில் தொடங்கும் கல்விப் பருவத்தின் கடைசி ஒப்படைவும் (அசைன்மென்ட்) மாதிரித் தேர்வும் சரியாக நவம்பரில் வந்து நிற்கும். நிவர் புயல் 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டியும், ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவும் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தன. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் வந்துபோன பிறகு கடலூர்ப் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் பல நாட்கள் மின்சாரமே இல்லை. இவையெல்லாம் எதிர்பாராத நிகழ்வுகள் என்று இந்தக் கடற்கரையில் இருந்துகொண்டு சொல்ல முடியாது. நவம்பரில் ஒரு வாரத்தைப் புதுப்பாடம் எதுவும் இல்லாமல் காலியாக விட்டுவிடுங்கள். "உங்கள் பகுதிக்கு அரசு மழை விடுமுறை அறிவித்தாலோ, மின்சாரம் தடைப்பட்டாலோ, அந்த வாரத்தின் காலக்கெடு மூன்று நாள் தள்ளிப்போகும், தனியே அனுமதி கேட்க வேண்டியதில்லை" என்று எழுதிவைத்துவிட்டால், மின்சாரம் போன வீட்டிலிருந்து அனுமதி கேட்டு அனுப்பும் குறுஞ்செய்திகளுக்கே தேவை இருக்காது.

காலக்கெடுவை எழுதும் முறையில் நான் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன். "வெள்ளிக்கிழமை இரவு 12 மணிக்குள்" என்று பாடத்திட்டத்தில் போட்டிருந்தேன். வெள்ளி தொடங்கும் நள்ளிரவு என்று எடுத்துக்கொண்டவர்கள் வியாழன் இரவே அரக்கப்பரக்க ஏற்றினார்கள். வெள்ளி முடியும் நள்ளிரவு என்று கொண்டவர்கள் நிதானமாக இருந்தார்கள். தளத்தில் நானே நேரத்தைத் தவறாக அமைத்திருந்ததால், அது வியாழன் நள்ளிரவோடு கதவைச் சாத்திவிட்டது. தவறு முழுவதும் என்னுடையது. அன்றிலிருந்து "நவம்பர் 7, வெள்ளிக்கிழமை, இரவு 11.59" என்று மாதப் பெயர், கிழமை, மணி மூன்றையும் சேர்த்தே எழுதுகிறேன். "வரும் வெள்ளி", "அடுத்த திங்கள்" போன்ற பேச்சு வழக்குகளுக்குப் பாடத்திட்டத்தில் இடமே கொடுக்கக் கூடாது.

மதிப்பெண் பகுதி சுருக்கமாக இருக்கலாம். அகமதிப்பீட்டுக்கு 25, பருவத் தேர்வுக்கு 75 என்றால், அந்த 25 எப்படிப் பிரிகிறது என்பதைச் சொல்லுங்கள்: இரண்டு உள்தேர்வுகளுக்கு 10, இரண்டு ஒப்படைவுகளுக்கு 10, விவாதத்துக்கு 5. தாமதத்துக்கு எவ்வளவு குறையும், இணையத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டினால் என்ன ஆகும் என்பவற்றையும் அதன் கீழேயே, அச்சுறுத்தும் தொனி இல்லாமல் எழுதிவிடலாம்.

எல்லோரும் படிக்கத்தக்கதாக ஆக்குதல்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் ஐந்து விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை அவர்களுக்கு ஒதுக்கச் சொல்கிறது. ஆகவே பார்வைக் குறையுள்ள மாணவர் ஒருவர் நம் வகுப்பில் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டே எழுத வேண்டும். அவர் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால், அவருக்கு முதல் இரண்டு வாரம் வீணாகிவிடும்.

தமிழில் இதன் முதல் தடை எழுத்துருதான். கல்லூரி வாசலில் உள்ள டி.டி.பி. கடையில் பாமினியிலோ வானவில்லிலோ தட்டச்சு செய்து வாங்கும் ஏடு கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கணினிக்கு அது தமிழே இல்லை. பாமினியில் அடித்த "தமிழ்" என்ற சொல் அதைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். திரையில் உள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் என்ற மென்பொருள் அதை அவ்வாறே உளறிக் கொட்டும். தமிழக அரசு 2010-லேயே ஒருங்குறியை (யூனிகோட்) ஏற்றுக்கொண்டது; ஆனாலும் பழைய கோப்புகளிலிருந்து வெட்டி ஒட்டும் பழக்கம் நம்மை விடவில்லை. பழைய கோப்பை எழுத்துரு மாற்றி மென்பொருளால் ஒருங்குறிக்குக் கொண்டுவந்த பின், ஒருமுறை முழுவதுமாகப் படித்துத் திருத்திக்கொள்ளுங்கள். முத்திரையும் கையொப்பமும் இட்ட தாளை ஸ்கேன் செய்து ஏற்றுவது இதைவிட மோசம். அது வெறும் படம்.

கோப்பு சரியாக இருக்கிறதா என்று அறிய, ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். ஒருங்குறியில் எழுதிய பிடிஎஃப் கோப்பில்கூட ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம்மாறிச் சொல் சிதைவதுண்டு. அதனால் பிடிஎஃப் ஒன்றை மட்டும் நம்பாமல், அதே ஏட்டைக் கூகுள் டாக்ஸிலோ வேர்டு கோப்பாகவோ சேர்த்தே தர வேண்டும்.

தலைப்புகளைப் பெரிய, தடித்த எழுத்தாக மாற்றினால் மட்டும் போதாது; மென்பொருளில் உள்ள ஹெடிங் என்ற அமைப்பைக் கொடுத்தால்தான், திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவர் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவ முடியும். "இங்கே சொடுக்கவும்" என்ற இணைப்பு ஒரு பக்கத்தில் எட்டு இடங்களில் இருந்தால், இணைப்புகளை மட்டும் வரிசையாகக் கேட்பவருக்கு ஒரே சொல் எட்டு முறை ஒலிக்கும்; "நான்காம் வார வாசிப்பு" என்று அந்தந்த இணைப்புக்கு அதனதன் பெயரை இடுங்கள். அட்டவணையில் கட்டங்களை ஒன்றாக இணைக்க வேண்டாம். செல்பேசியில் நான்கு நெடுவரிசைகள் கொண்ட அட்டவணை எவருக்குமே வசதியாக இராது. படத்துக்கு எழுதும் விளக்கமும் படத்தின் பயனைச் சொல்ல வேண்டும்: "பானை ஓடு" என்பதைவிட "கைப்பிடியின் ஒரு பகுதியோடு உடைந்த ஆம்போரா சாடித் துண்டு" என்பது பாடத்துக்கு உதவும்.

நிறத்தைப் பொறுத்தவரை, காலக்கெடுவைச் சிவப்பால் மட்டும் காட்டாமல், "கடைசி நாள்" என்ற சொல்லையும் போடுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்பது அனைத்துலக இணைய அணுகல் வழிகாட்டியின் அளவுகோல். வெளிர்சாம்பல் எழுத்து இதில் தேறாது. நம் எழுத்துக்கே உரிய சிக்கல்கள் வேறு. அடிக்கோடு இட்டால் அது கு, மு, பூ ஆகியவற்றின் கீழ்ச்சுழியை வெட்டிச் செல்லும். சிறிய அளவில் தடித்த எழுத்தைப் பயன்படுத்தினால் புள்ளி அடைந்துபோகும். சாய்வெழுத்து தமிழுக்கு ஒருபோதும் பொருந்தியதில்லை என்பது என் எண்ணம்.

கூடுதல் நேரம் பற்றியும் ஏட்டிலேயே சொல்லிவிடுங்கள். மாற்றுத்திறனாளிகள் எழுதும் தேர்வுகளுக்கென 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகள் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரம் தரச் சொல்லின. மூடில் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் குறிப்பிட்ட மாணவருக்கு மட்டும் வினாடிவினா நேரத்தை நீட்டிக்கும் வசதி இருக்கிறது. "தேவைப்படுவோர் முதல் வாரத்திலேயே எனக்குத் தனிச்செய்தி அனுப்பலாம், காரணத்தைக் குழுவில் சொல்ல வேண்டியதில்லை" என்ற வரி, கேட்கத் தயங்குபவருக்கு வழிவிடும்.

வெளியிடும் முன்

ஆண்ட்ராய்டு செல்பேசியின் அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குச் சென்று டாக்பேக் என்ற திரைவாசிப்பானை இயக்கி, பேச்சு மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுத்து, கண்ணை மூடிக்கொண்டு உங்கள் பாடத்திட்டத்தின் முதல் பக்கத்தைக் கேளுங்கள். கணினியில் இதற்கு என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. நான் முதன்முறை கேட்டபோது, அலங்காரத்துக்காக வரி முழுவதும் போட்டிருந்த உடுக்குறிகளை (*) அது ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தது, அத்தனையையும் நீக்கினேன். பிறகு அந்தப் பாடத்தோடு தொடர்பே இல்லாத ஒருவரிடம், வீட்டில் கல்லூரியில் படிக்கும் தம்பியோ தங்கையோ இருந்தால் அவரிடம், செல்பேசியைக் கொடுத்து, "இரண்டாவது ஒப்படைவை என்றைக்கு, எங்கே தர வேண்டும்?" என்று கேளுங்கள். அரை நிமிடத்தில் பதில் வராவிட்டால் அந்தத் தகவல் இருக்கும் இடத்தை மாற்றுங்கள்.

பருவம் தொடங்கிய பிறகு தேதிகள் மாறவே செய்யும். மாற்றத்தைப் புதிய கோப்பாக ஏற்றினால் குழுவில் மூன்று பாடத்திட்டங்கள் உலவும். அதனால் ஒரே இணைப்பில் உள்ள ஒரே ஏட்டைத் திருத்தி, அதன் மேற்பகுதியில் "நவம்பர் 3 அன்று திருத்தப்பட்டது: இரண்டாம் ஒப்படைவின் கடைசி நாள் நவம்பர் 7-இலிருந்து நவம்பர் 10-க்கு மாற்றம்" என்று தேதியோடு குறித்து, அந்த வரியையே வாட்ஸ்அப் குழுவிலும் அனுப்பிவிடுங்கள்.