ஆர்க்டிக் கடலில் சமணர் மலை

மதுரையைச் சுற்றிக் காட்டும் எங்கள் டிராவல்ஸ் வெப்சைட்டில் ஒவ்வொரு இடத்துக்கும் மேப் வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச மேப்பை, வெப்சைட்டில் மேப் காட்ட உதவும் லீஃப்லெட் என்ற நிரல் வழியாகச் சேர்த்தேன். திறந்து பார்த்தால் ஒரே நீலம். கீழக்குயில்குடி சமணர் மலை, ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் பக்கத்தில் ஆர்க்டிக் கடலில் நின்றது!

ராத்திரி வெகுநேரம் தேடினேன். தவறு எண்களின் வரிசையில் இருந்தது. லீஃப்லெட்டில் நேராக எழுதினால் முதலில் அட்சரேகை, அப்புறம் தீர்க்கரேகை. நான் இடங்களைச் சேமித்தது ஜியோஜேசன் என்ற, இட விவரங்களுக்கான கோப்பு வடிவத்தில்; அதில் வரிசை தலைகீழ். 9.92, 78.05 என்றிருந்ததை 78.05, 9.92 என்று மாற்றியதும் மலை ஊருக்குத் திரும்பியது.

சரி, முடிந்தது என்றிருந்தேன். முதலில் வந்த குடும்பமே போன் செய்தது: "அண்ணே, மேப் காட்டுற இடத்துக்குப் பாதையே இல்லையே!" புள்ளியை மலைமேல் வைத்திருந்தேன், அங்கே வண்டி எப்படிப் போகும்? குழந்தைகளோடு வெயிலில் நின்றிருக்கிறார்கள். மனசு கேட்கவில்லை. மறுநாளே நேரில் போனேன். அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக் குளத்துக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்தும் இடத்தில் நின்று, போன் காட்டிய எண்களையே பதிந்தேன். அதே மலையில் உள்ள செட்டிப்புடவு குகைக்குத் தனிப் புள்ளி வைத்தேன்.