ஊர்க் கட்டுரை வரைவுக்குக் கருத்துச் சொல்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாணவர் ஓர் ஊரைப் பற்றி விக்கிப்பீடியாவுக்கு எழுதிய வரைவு கைக்கு வந்ததும் சந்திப்பிழை திருத்த உட்கார்ந்துவிடுகிறோம். அதிகம் நடக்கும் தவறு இதுதான். ஒற்று திருத்திய பத்தியே சான்று இல்லையென்று நாளை நீக்கப்படலாம். இருவர் உழைப்பும் வீண். முதலில் சான்று, பிறகு பகுதிகளின் அமைப்பு, கடைசியில்தான் மொழிநடை.

சான்று எண் இருக்கிறதே என்று கடந்துவிடாதீர்கள், இணைப்பைத் திறந்து படியுங்கள். ஊர்க் கட்டுரைகள் பெரும்பாலும் சறுக்குவது மக்கள்தொகைப் பத்தியில். நகராட்சி எல்லைக்குள் வசிப்போர் தொகையை ஓரிடத்திலும், சுற்றுப்புறங்களையும் சேர்த்த பரப்பளவை வேறிடத்திலும் எடுத்து அடர்த்தியைக் கணக்கிட்டிருப்பார்கள். 24,300 பேர் 9 சதுர கிலோமீட்டரில் வசித்தால் அடர்த்தி 2,700. பரப்பை 27 என்று எடுத்தால் அது 900 ஆகிவிடும். எடுத்த எண்கள் இரண்டும் சரி, விடை மட்டும் தவறு. எந்த ஆண்டுக் கணக்கெடுப்பு, எந்த எல்லை என்று கட்டாயம் கேளுங்கள். சில சமயம் சான்றாகக் காட்டிய தளமே விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதியதாக இருக்கும். வாக்கியங்கள் சொல்லுக்குச் சொல் ஒத்துப்போனால், எது முந்தியது என்று பக்க வரலாற்றில் (கட்டுரையில் யார், எப்போது, என்ன மாற்றினார் என்ற பட்டியலில்) தேதியைப் பாருங்கள்.

"நடுநிலை இல்லை" என்று மொட்டையாக எழுதினால் மாணவருக்கு எதைத் திருத்துவதென்றே தெரியாது. "பழமையும் எழிலும் நிறைந்த இவ்வூர் நெசவுக்குப் பெயர் பெற்றது" என்று வரைவில் இருந்தால், இப்படிச் சொல்லலாம்: "எழில் என்பது உங்கள் கருத்து, எடுத்துவிடுங்கள். பழமை என்பதற்குப் பதிலாக, ஊரைக் குறிப்பிடும் மிகப் பழைய பதிவு எந்த ஆண்டினது என்று எழுதுங்கள். நெசவில் எத்தனை பேர், எந்த ஆண்டு நிலவரம், எந்த நூலில் இருக்கிறது?"

ஊர்ப் பெரியவர்கள் சொன்ன பெயர்க்காரணத்தைக் கட்டுக்கதை என்று தள்ளாதீர்கள். ஊர் மேல் உள்ள பற்றுதான் மாணவரை எழுத வைத்திருக்கிறது. பொய் என்பதற்காக அல்ல, வாசகர் சரிபார்க்க வெளியான சான்று இல்லை என்பதற்காகவே அதைச் சேர்க்க முடியவில்லை என்று விளக்குங்கள். ஊர் வரலாற்று நூல், மாவட்ட விவரச்சுவடி (கெசட்டியர்), பழைய நாளிதழ் ஆகியவற்றில் தேடச் சொல்லுங்கள். கிடைத்துவிட்டால் கட்டுரையின் நல்ல பகுதியே அதுவாகலாம்.

நீங்களே உட்கார்ந்து மாற்றி எழுதிக் கொடுக்காதீர்கள். ஒரு வாக்கியத்தைத் திருத்திக் காட்டினால் போதும். ஒரு சுற்றில் மூன்று நான்கு பெரிய குறைகளுக்கு மேல் அடுக்கவும் வேண்டாம். அறிமுகப் பத்தி கட்டுரையின் சுருக்கம் என்பதால், உடல் பகுதி உறுதியான பிறகே அதைத் தொடச் சொல்லுங்கள்.

கருத்துகளை வரைவுடன் இணைந்த உரையாடல் பக்கத்தில், பகுதித் தலைப்பைக் குறிப்பிட்டு எழுதுங்கள். திருத்திய வரைவு வந்ததும் முழுவதையும் மறுபடி படிக்கத் தொடங்காமல், பக்க வரலாற்றில் இரு பதிப்புகளையும் ஒப்பிட்டு, கேட்டவை மாறியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். புதிதாகச் சேர்ந்த வரிகளின் சான்றுகளையும் திறந்து பார்க்கத்தான் வேண்டும்.