சோலார் பேனலுக்கு முன் மாடி நிழலைப் பாருங்கள்

எங்கள் தெருவில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் ஆறு பேனல்கள் இருக்கின்றன. பிற்பகல் மூன்று மணியானால் தண்ணீர்த் தொட்டியின் நிழல் கடைசிப் பேனலின் ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு விழும். "ஒரு சாண்தானே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் பொருத்தியவர்.

பேனலுக்குள் இருக்கும் செல்கள் சீரியல் பல்பு போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டவை. ஒரு செல்லில் நிழல் விழுந்தால் அந்த வரிசையின் மின்னோட்டமே தடைபடும். பைபாஸ் டையோடு என்ற சிறு மின்பாகம் அந்த வரிசையை ஒதுக்கிவிட்டு மற்றதைக் காப்பாற்றும். அப்படியும் ஒரு சாண் நிழலுக்குப் பேனலின் மூன்றில் ஒரு பங்கு உற்பத்தி போகலாம். நிழல் விழும் வாக்கைப் பொறுத்து முழுப் பேனலுமே முடங்கலாம்.

பேனலைத் தெற்குப் பார்த்து வைத்தால் வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறு. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து நிழலை நீட்டும். சென்னையிலோ ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் போய்விடும். வடக்கே இருக்கும் படியறையும் அப்போது நிழல் தரும். காலை ஒன்பது, நண்பகல், மாலை நான்கு என மூன்று வேளையும் மாடிக்குப் போய் நிழலின் விளிம்பைச் சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள். செலவில்லாத ஆய்வு இது.

அடுத்து, மானியத்துக்காக அளவைக் கூட்டுவது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000. உடனே எல்லோருக்கும் மூன்று வேண்டும்! ஒரு கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். மூன்று என்றால் இரண்டு மாதத்துக்கு 700 யூனிட்டுக்கு மேல். 300 யூனிட்டில் குடும்பம் நடத்துகிறவருக்கு அது எதற்கு? 2016 முதல் நமக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஓராண்டு மின் கட்டண விவரத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

மின்வெட்டு நேரத்திலும் மின்விசிறி ஓடும் என்று நம்பி வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய. கிரிட்டோடு, அதாவது மின்வாரியக் கம்பிகளோடு, இணைந்த சாதாரண இன்வெர்ட்டர், மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். மின்கம்பத்தில் ஏறி வேலை செய்பவர் மீது நம் வீட்டு மின்சாரம் பாயக் கூடாதே! மின்வெட்டிலும் ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடும் இயங்கும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்க வேண்டும்; விலை நன்றாகவே ஏறும்.

மாடித் தரையில் கண்ட இடத்தில் துளை போட விடாதீர்கள். தட்டோடு உடைந்தால் அடுத்த மழையில் கூரை ஒழுகும். அதற்காகச் சும்மா நிறுத்தி வைக்கவும் முடியாது; 2016 டிசம்பரில் வர்தா வீசிய காற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் பீடம் கட்டி, துத்தநாக முலாம் பூசிய தாங்கியில் பொருத்துவது நல்லது. அடியில் காற்று ஓடப் போதுமான இடைவெளியும் வேண்டும். பேனலின் திறனை 25 டிகிரி வெப்பத்தில் அளக்கிறார்கள்; அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். மே மாத மாடியில் பேனல் 60 டிகிரியைத் தொடும்.

கழுவுவதை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றக் கூடாது. உப்பு நிறைந்த ஆழ்துளைக் கிணற்று நீரை அப்படியே காயவிட்டால் வெள்ளைப் படலம் ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் தெருவில் அந்தத் தண்ணீர்த் தொட்டியைப் போன மாதம் நகர்த்திவிட்டார்கள், வடக்கு மூலைக்கு. மே மாதம் வரட்டும்.