பசுமைக்குடில் தக்காளி: மல்ச்சிங் ஷீட் போட்டபின் காய் அடி கறுத்ததைச் சரிசெய்த விதம்

மல்ச்சிங் ஷீட் (மண்ணை மூடும் பிளாஸ்டிக் விரிப்பு) போட்ட பாத்தியில் தக்காளிக் காயின் அடி கறுத்தால் பலரும் மருந்துக் கடைக்குத்தான் ஓடுகிறார்கள். இது பூஞ்சாணம் இல்லை. ஈரம் ஏறி இறங்குவதால் கால்சியம் காய்க்குப் போய்ச் சேராத கோளாறு. என் குடிலில் மாற்றியது தண்ணீர் விடும் முறையைத்தான்.

ஷீட்டுக்கு அடியில் மண் காய்வது வெளியே தெரியாது. செடி நட்ட ஓட்டை வழியாக 10 செ.மீ. ஆழத்து மண்ணை எடுத்துப் பிடித்துப் பாருங்கள். உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. மூன்று நாளுக்கொருமுறை மொத்தமாக விடுவதை நிறுத்தி, அதே தண்ணீரைத் தினமும் காலையிலும் உச்சிவெயிலுக்கு முன்பும் பிரித்து விட்டேன். ஏற்கெனவே கறுத்த காய் தேறாது, பறித்துப் போடுங்கள். புதுப் பிஞ்சைப் பார்த்துத்தான் பலன் தெரியும்.

கால்சியம் உரமான கால்சியம் நைட்ரேட் கொடுப்பதானால், அதைச் சொட்டுநீரில் தனியாகவே விட வேண்டும். மெக்னீசியம் சல்பேட்டோடோ பாஸ்பேட் உரத்தோடோ ஒரே டேங்கில் கெட்டியாகக் கரைத்தால் வெள்ளையாகப் படிந்து சொட்டுநீர்க் குழாயின் துளையை அடைத்துவிடும். ஷீட் மூடியிருப்பதால் அடைப்பு கண்ணிலும் படாது.

ஷீட் 25 மைக்ரான், வெள்ளி நிறம் மேலே. தண்ணீரை ஓடவிட்டு எல்லாத் துளையும் சொட்டுகிறதா என்று பார்த்த பிறகே விரியுங்கள். ஓட்டை 7, 8 செ.மீ. இருக்கட்டும்; இளந்தண்டு சூடான பிளாஸ்டிக்கில் பட்டால் அந்த இடத்திலேயே வெந்து சாய்ந்துவிடும். வைக்கோல் மூடாக்கு என்றால் தண்டிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடவும். நத்தை வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.