கான்கிரீட் கார்பனேற்றம்: கம்பியைத் துருப்பிடிக்க விடும் தவறுகள்

சன்ஷேடின் அடிப்பக்கத்தில், கம்பி ஓடும் தடத்திலேயே நீளமாக ஒரு விரிசல். ஓரத்தில் பழுப்புக் கறை. சுத்தியால் தட்டினால் பொள்ளலான ஓசை. பார்த்ததும் “தண்ணீர் இறங்குகிறது” என்று சொல்லி மேலே பூசி மூடிவிடுகிறார்கள். தண்ணீருக்கும் பங்கு உண்டு. ஆனால் பல கட்டடங்களில் அதற்கு வழி விட்டது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடுதான்.

நல்ல கான்கிரீட்டின் நுண்துளை நீரில் பிஎச் (அமில-கார அளவு) 12.5-க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகித் துருவைத் தடுக்கிறது. உள்ளே நுழையும் கார்பன் டை ஆக்சைடு, கால்சியம் ஹைட்ராக்சைடைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றும்போது (இதுவே கார்பனேற்றம்) பிஎச் 9-க்கு அருகிலோ அதற்குக் கீழோ இறங்கி, படலம் அழிகிறது. அதன்பின் ஈரமும் ஆக்சிஜனும் இருந்தால் போதும். துருவுக்கு, அது தின்ற இரும்பைப் போலப் பல மடங்கு இடம் வேண்டும். அந்த அழுத்தத்தில் கவர், அதாவது கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் அடுக்கு, பிளக்கிறது.

ஆகவே கார்பனேற்றத்தால் கான்கிரீட்டே வலுவிழக்கும் என்று நினைப்பது தவறு. சாதாரண சிமென்ட் கான்கிரீட்டின் மேற்பரப்பு இதனால் சற்றுக் கெட்டிப்படவே செய்கிறது. அதனாலேயே பழைய கட்டடத்தில், மேற்பரப்பில் தட்டி வலுவைக் கணிக்கும் ரீபவுண்ட் ஹாமர் உண்மையைவிடக் கூடுதல் வலுவைக் காட்டும். அந்த எண்ணை மட்டும் நம்பி அறிக்கை எழுதாமல், கோர் (துளையிட்டு எடுக்கும் உருளைத் துண்டு) எடுத்துச் சோதியுங்கள்.

எல்லாவற்றிலும் விலை அதிகமான தவறு கவரில் நடக்கிறது. கார்பனேற்றத்தின் ஆழம், ஏறத்தாழ, ஆண்டுகளின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் கூடுகிறது. 16 ஆண்டில் 20 மி.மீ. போயிருந்தால், 30 மி.மீ. போக 36 ஆண்டு ஆகும். அதே கான்கிரீட்டில் 10 மி.மீ. ஆழத்தில் கம்பி கிடந்தால் 4 ஆண்டிலேயே எட்டிவிடும். கவர் பாதியானால் ஆயுள் பாதியாவதில்லை, கால் பங்காகிறது! உடைந்த செங்கல், ஜல்லி, மரத்துண்டு ஆகியவற்றைக் கம்பிக்கு அடியில் வைக்காதீர்கள். ஆள் மிதித்தால் நழுவும், செங்கலும் மரமும் ஈரத்தையும் இழுக்கும். கான்கிரீட்டுக்கு நிகரான தரத்தில் செய்த கவர் பிளாக்கைக் கட்டுக்கம்பியால் கட்டி வையுங்கள். பீமிலும் தூணிலும் கவரை முதன்மைக் கம்பியிலிருந்து அளக்காமல், அதைச் சுற்றி வெளியே இருக்கும் ரிங்கிலிருந்து அளக்க வேண்டும். மேலே வரப்போகும் பூச்சைக் கவர் கணக்கில் சேர்க்கவே கூடாது.

அடுத்தது தண்ணீர். 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 25 லிட்டர் என்றால் நீர்-சிமென்ட் விகிதம் 0.5. கலவை எளிதாக ஓடட்டும் என்று இன்னும் 5 லிட்டர் ஊற்றினால் 0.6, நுண்துளைகள் ஒன்றோடொன்று இணைந்து காற்றுக்குப் பாதை அமைகிறது. மணலின் ஈரத்தையும் கழித்துக்கொள்ளுங்கள்: 100 கிலோ உலர் மணலில் 5 சதவீத ஈரம் இருந்தால் 5 லிட்டர் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. ஓட்டம் போதவில்லையென்றால் தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் சேருங்கள்.

கியூரிங்கை, அதாவது புதுக் கான்கிரீட்டை ஈரமாக வைத்திருப்பதை, குறைத்தால் முதலில் அடிபடுவது வெளிப்புற 20–30 மி.மீ.தான், கம்பியைக் காப்பதும் அதே அடுக்குதான். சாதாரண சிமென்டுக்கு 7 நாளாவது இடைவிடாத ஈரம் வேண்டும். ஃபிளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்), ஸ்லாக் (இரும்பு உலைக் கசடு) கலந்த சிமென்டுக்கு 10 நாளுக்குக் குறையக் கூடாது. அவற்றில் கால்சியம் ஹைட்ராக்சைடு இருப்பு குறைவு. சரியாக நனைக்காமல் விட்டால் கார்பனேற்றம் வேகமாக உள்ளே போகும். இதற்காகக் கலப்பு சிமென்டையே ஒதுக்க வேண்டியதில்லை, உப்புக்காற்றுக்கு அது நல்ல காவல்.

சோதனையிலும் சறுக்குகிறார்கள். ஆல்கஹாலில் கரைத்த 1 சதவீத பினாப்தலீனைப் புதிதாக உடைத்த முகத்தில் தெளிக்க வேண்டும்: காரம் உள்ள இடம் இளஞ்சிவப்பாகும், கார்பனேற்றமடைந்த இடம் நிறம் மாறாது. பழைய வெளிமுகத்தில் தெளித்தால் நிறம் வராது. துளையிட்டுச் சோதிக்கும்போது துளையில் தூசி இருந்தால் பொய்யாக இளஞ்சிவப்பு காட்டும். நிறம் மாறாத பகுதியின் ஆழத்தைப் பல இடங்களில் அளந்து, அதே இடத்துக் கவரோடு ஒப்பிடுங்கள். ஆழம் கம்பியைத் தாண்டிய எல்லா இடமும் ஒரே அவசரமல்ல. கார்பனேற்றம் 50–70 சதவீத ஈரப்பதத்தில்தான் விரைவு. வறண்ட அறைக்குள் ஆழமாகப் போயிருந்தாலும் துரு மெதுவாகவே வரும். மாறி மாறி நனைந்து காயும் சன்ஷேடையும் பால்கனியையும் முதலில் கவனியுங்கள்.

பழுது பார்க்கும்போது துருத் தெரியும் முகத்தை மட்டும் சுரண்டிப் பூசினால், கம்பியின் பின்பக்கம் கார்பனேற்றமடைந்த கான்கிரீட்டிலேயே கிடக்கும், துரு தொடரும். முதலில் முட்டுக்கொடுத்து, கம்பிக்குப் பின்னால் சுமார் 20 மி.மீ. வரை, இளஞ்சிவப்பு தெரியும் நல்ல கான்கிரீட் வரும்வரை கொத்துங்கள். துருவை முழுக்க நீக்கி, கம்பியின் விட்டம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்து, தேவையென்றால் கூடுதல் கம்பி சேர்த்து, சிமென்ட் அடிப்படையிலான ரிப்பேர் மோர்ட்டாரால் நிரப்பி, அதற்கும் கியூரிங் செய்யுங்கள். கார்பனேற்றத் தடுப்புப் பெயின்ட் அதன் பிறகுதான். கார்பன் டை ஆக்சைடை மறித்து, உள்ளிருக்கும் நீராவியை வெளியே விடும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். சிலேன் போன்ற நீர்விலக்கிகள் மழைநீரைத் தடுக்குமே தவிர, கார்பன் டை ஆக்சைடைத் தடுக்காது.