குழந்தைகளோடு ஆர்வியில் லாஃப்லின்: முதல்முறை போகிறவர்களுக்கு

"கேசினோ ஊருக்கா பிள்ளைகளைக் கூட்டிப் போகிறீர்கள்?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தின் தென்முனையில் இருக்கும் லாஃப்லினில் கேசினோக்களின் கொல்லைப்புறத்திலேயே கொலராடோ ஆறு ஓடுகிறது. லாஸ் வேகஸிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர்தான், அங்கே இருக்கிற நெரிசலும் இல்லை. ஆர்வியை, அதாவது படுக்கையும் சமையலறையும் வைத்த வீட்டு வண்டியை, முதன்முதலாக ஓட்டிப் பழக நல்ல ஊர்.

1. மாதம்

நெவாடாவில் பதிவான உச்ச வெப்பம் இந்த ஊரில்தான்: 1994 ஜூன் 29 அன்று 125 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 52 செல்சியஸுக்குப் பக்கம். கோடை விடுமுறையை மறந்துவிடுங்கள். மார்ச், ஏப்ரல் அல்லது அக்டோபர் கடைசி, நவம்பர் சரியாக இருக்கும்.

2. வண்டி

லாரி முகப்பு வைத்த 'க்ளாஸ் சி' ஆர்வியை வாடகைக்கு எடுங்கள். எத்தனை பேர் படுக்கலாம் என்பதை விட, எத்தனை இருக்கைகள் முன்பக்கம் பார்த்து பெல்ட்டோடு இருக்கின்றன என்பதைக் கேளுங்கள். பக்கவாட்டு சோபாவிலும், பின்பக்கம் பார்த்த சாப்பாட்டு மேசை இருக்கையிலும் குழந்தைக்கான கார் சீட் மாட்டக் கூடாது. இடுப்பு பெல்ட் மட்டும் இருந்தால், பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் சீட் உதவாது; அதற்குத் தோள் பெல்ட்டும் வேண்டும். ஓட்டுநர் தலைக்கு மேலிருக்கும் படுக்கையைப் பார்த்ததும் பிள்ளைகள் ஏறத் துடிப்பார்கள். வண்டி நின்ற பிறகுதான் ஏற வேண்டும் என்று கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.

3. இடம்

ஊருக்குப் பெயர் தந்த டான் லாஃப்லின் 1966-ல் தொடங்கிய ரிவர்சைடு ரிசார்ட்டுக்குச் சாலையின் எதிர்ப்புறத்திலேயே, ஆர்வியை நிறுத்தித் தங்கும் ஆர்வி பார்க் இருக்கிறது. தண்ணீர், மின்சாரம், கழிவுக் குழாய் மூன்றும் உள்ள இடமாகக் கேட்டு வாங்குங்கள்.

30 ஆம்ப் இணைப்பு என்றால் மொத்தம் 3,600 வாட் தான். ஏசி ஓடும்போது மைக்ரோவேவையும் ரைஸ் குக்கரையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழும். நாங்கள் முதல் இரவு இருட்டில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டது இப்படித்தான்.

4. பாதை

95-ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே வந்து 163-ல் திரும்பினால், ஊருக்குள் நீண்ட, செங்குத்தான இறக்கம். இறங்கத் தொடங்கும் முன்பே கீழ் கியருக்கு மாற்றுங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும்.

5. முறை வைப்பது

இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்: பெற்றோரில் ஒருவர் கேசினோவுக்குப் போனால், மற்றவர் பிள்ளைகளோடு இருக்க வேண்டும். நெவாடாவில் 21 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் சூதாட முடியாது, சூதாட்டத் தளத்தில் நிற்கவும் கூடாது. உணவகத்துக்குப் போகும் வழியில் கடந்து போகலாம், அவ்வளவுதான். குழந்தையின் தள்ளுவண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு 'ஒரே ஒரு தடவை' என்று சூதாட்ட மெஷின் முன் உட்கார்ந்தால் காவலர் வந்து எழுப்பிவிடுவார்.

அதைவிடப் பெரிய ஆபத்து இரவில். பிள்ளைகள் வண்டியில் தூங்கிவிடுவார்கள், எதிரே விளக்குகள் மின்னும், 'அரை மணி நேரத்தில் வந்துவிடலாம்' என்று தோன்றும். போகாதீர்கள். மின்சாரம் போய் ஏசி நின்றால் மூடிய வண்டி வேகமாகச் சூடாகும். 1997 மே மாதம், இதே மாநிலத்தின் பிரிம் ஊரில் ஒரு கேசினோவில், அதிகாலையில் தனியாக விளையாடிக்கொண்டிருந்த ஏழு வயதுச் சிறுமி கொல்லப்பட்டாள். அவளுடைய அப்பா அப்போது சூதாடிக்கொண்டிருந்தார்.

அதனால் முறை: எட்டிலிருந்து பத்து வரை ஒருவர், அப்புறம் மற்றவர். பணத்தையும் அப்படியே பிரித்து உறையில் போட்டுக்கொள்ளுங்கள், கார்டு வண்டியிலேயே இருக்கட்டும். ஒரு வேடிக்கை: ஆற்றின் அக்கரை அரிசோனா மாநிலம். குளிர்காலத்தில் அங்கே ஒரு மணி நேரம் முன்னால். கைபேசி அக்கரைக் கோபுரத்தைப் பிடித்தால் முறை மாறுவதில் சண்டை வரும். கைக்கடிகாரம் கட்டுங்கள்.

6. பகல் பொழுது

ஆற்றங்கரை நடைபாதையும், கேசினோவுக்குக் கேசினோ போகும் படகுகளும் பிள்ளைகளுக்குப் போதும். தண்ணீரில் இறங்கினால் லைஃப் ஜாக்கெட் கட்டாயம் போடுங்கள்: மேலே டேவிஸ் அணையிலிருந்து வரும் நீர், வெயிலிலும் சில்லென்று, வேகமாக ஓடும்.

ஒரு நாள் அரிசோனா பக்கம் ஓட்மன் போய் வாருங்கள். பழைய தங்கச் சுரங்க ஊர். சுரங்கத் தொழிலாளர்கள் விட்டுச் சென்ற கழுதைகளின் வாரிசுகள் தெருவில் திரிகின்றன. என் மகளுக்கு முழுப் பயணத்திலும் நினைவிருப்பது அவைதான். ஆற்றின் அக்கரையில் இருக்கும் புல்ஹெட் சிட்டி பக்கமிருந்தே போய்த் திரும்புங்கள். ஓட்மனைத் தாண்டிக் கிங்மன் நோக்கிப் போகும் மலைப்பாதை, புது ஓட்டுநருக்கு ஆகாது.

7. கிளம்பும் காலை

கையுறை போட்டுக்கொண்டு கழிப்பறைத் தொட்டியை முதலில் திறந்துவிடுங்கள். அது காலியானதும் குளியல், பாத்திரம் கழுவிய நீர்த் தொட்டி. அந்தத் தண்ணீரே குழாயையும் அலசிவிடும். மாற்றிச் செய்தால் குழாயில் தங்குவது என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த வேலை முடியும்வரை பிள்ளைகள் மற்றவரோடு ஆற்றங்கரையில் இருக்கட்டும்.